சென்றுவிட்ட மகளுக்கு முன்அனுமதி கோரி

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மருமகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் பேத்தியும் நலம். தங்கள் நலனையும், அத்தையின் முழங்கால் வலி இப்போது எந்த அளவில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறோம். தாங்கள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தையே சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியவர். ஆகையால் இந்தக் கடிதத்தை மிகுந்த கவனத்துடன் எழுதுகிறேன். ஒற்று மிகுமா மிகாதா என்று சந்தேகம் வந்த இடங்களில் எல்லாம் வாக்கியத்தையே மாற்றிவிட்டேன். அதனால் சில இடங்களில் நடந்த விஷயமும் கொஞ்சம் மாறியிருக்கலாம். பொறுத்தருளவும்.

நிற்க. 'நானும் தங்கள் பேத்தியும் நலம்' என்று மேலே எழுதியதில் தங்கள் மகள் விடுபட்டிருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். அது எழுத்துப்பிழை அல்ல. அவளும் நலம்தான். இங்கே இல்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாகத் தாங்கள் எப்போது தொலைபேசியில் அழைத்தாலும் நான் "குளிச்சிட்டிருக்கா மாமா" என்று சொல்லிவந்தேன். முதல் நாள் அவசரத்தில் வாயில் வந்தது அதுதான். மறுநாள் வேறு காரணம் சொன்னால் முதல் நாள் சொன்னது பொய்யாகிவிடுமே என்று அதையே தொடர்ந்தேன். தாங்களும் பெருந்தன்மையாக, "சரி மாப்பிள்ளை, தலையை நல்லா துவட்டிக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மதியத்திலும் சாயங்காலத்திலும் அழைத்தீர்கள். மூன்று வேளையும் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். இனிமேலும் அவளைக் குளிக்கவைக்க எனக்குத் தெம்பில்லை. உண்மை என்னவென்றால், தங்கள் மகள் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் புள்ளியியல் பாடம் நடத்தப் போகிறாள். அதற்குத் தங்கள் முன்அனுமதியைக் கோரியே இக்கடிதம். அவள் போய் இரண்டு வாரம் ஆகிறது.

இதில் என் தவறு எவ்வளவு, கல்லூரியின் தவறு எவ்வளவு, உலகத்தின் தவறு எவ்வளவு என்று தாங்கள்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. அந்தக் குழு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடும். கழிவறைக்கு உண்டு, மரம் வைத்ததற்கு உண்டு, 'பன்னாட்டுக் கூட்டுறவும் உலகக் குடிமை உணர்வை வளர்த்தலும்' என்ற தலைப்புக்கும் உண்டு. அந்தத் தலைப்புக்கு எதிரே எங்களிடம் காட்ட ஒன்றுமே இல்லை. முதல்வர் எல்லா ஆசிரியர்களையும் கூட்டி, யார் பொறுப்பு எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த பிழை. "சார், நீங்க பூகோளம்தானே? உலகம் உங்க சப்ஜெக்ட்தானே?" என்றார். நடத்துவது பூகோளம்தான், ஆனால் நான் இந்த நாட்டு எல்லையைத் தாண்டியதில்லை, மூன்றாவது மாடிக்கு மேல் போனாலே கீழே பார்க்கமாட்டேன் என்று சொன்னேன். "மேப்புல எத்தனை வருஷமா போயிட்டு வர்றீங்க, போதும் சார்" என்று அன்றே என்னை இயக்குநர் ஆக்கிவிட்டார்.

மாடிப்படிக்கு அடியில் விளையாட்டுத் துறை கிழிந்த வலைகளைப் போட்டுவைத்திருந்த அறையை எனக்குக் கொடுத்தார்கள். வலைகளை எடுக்கவில்லை. 'உலகக் குடிமை மையம்' என்று பலகை எழுதச் சொன்னேன். எழுதுகிறவர் நல்ல தொழில்காரர், அக்கறையுள்ளவர். ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறதே, படித்தவர்களே இப்படித் தப்பு விடுகிறார்களே என்று நினைத்து, ஒரு 'மை'யை எடுத்துவிட்டார். பலகை 'உலகக் குடி மையம்' என்று வந்து மாட்டியாகிவிட்டது. கேட்டதற்கு, "சரி பண்ணிக் கொடுத்திருக்கேன் சார், அதுக்குத் தனியா எதுவும் வேண்டாம்" என்றார். அந்த வாரம் இரண்டு பேர் கதவைத் தட்டி, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று விசாரித்தார்கள். ஒருவர் எங்கள் பேராசிரியர்.

பிறகு உலகத்தில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினேன். பெரிய இடங்களிலிருந்து உடனே பதில் வந்தது. 'தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, தொடர்பு கொண்டமைக்கு நன்றி' என்று இயந்திரமே அனுப்பும் பதில். முதல்வர் அதையெல்லாம் அச்செடுத்து 'பேச்சுவார்த்தை நடைபெறுபவை' என்று ஒரு கோப்பில் போட்டார். கடைசியில் ஒரே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மனிதர் எழுதிய பதில் வந்தது. 'எப்போது கையெழுத்துப் போடலாம்?' என்பதே முதல் வரி. இவ்வளவு ஆர்வமா என்று எனக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் நம்மைத் தேடி ஒருத்தர் வரும்போது ஏன் எதுக்குன்னு கேட்டுட்டிருந்தா நல்லாவா இருக்கும்? (பேச்சுவழக்கு வந்துவிட்டது. மன்னிக்கவும்.)

ஒப்பந்தம் காணொளியில் கையெழுத்தானது. இந்தப் பக்கம் முதல்வரும் நானும் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் அவர்கள் முதல்வரும், அங்கே என்னைப் போலவே இயக்குநராக இருக்கும் ஓர் அம்மையாரும். "கேக்குதா?" என்று நாங்கள் கேட்டோம். அவர்கள் உதடும் அதையேதான் கேட்டது. இரண்டு நாட்டுக்கும் இடையே நடந்த உரையாடலில் பெரும்பகுதி அதுதான். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்த நேரம் பார்த்து இணையம் நின்று, எதிர்ப்பக்க முதல்வர் கண்ணை மூடி வாயைத் திறந்தபடியே உறைந்துவிட்டார். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் ஒரு நிமிடம் அமைதியாக நின்றுவிட்டு, எப்போது காலமானார் என்று கேட்கிறார்கள்.

அடுத்த மாதமே அந்த அம்மையார் நேரில் வந்தார். விருந்தினர் விடுதியில் அடித்த பெயின்ட் காயாததால், இயக்குநர் வீட்டிலேயே தங்கட்டும் என்று முதல்வர் முடிவு செய்தார். தங்கள் மகள் முன் அறையை ஒழித்து, புது விரிப்பு போட்டு, ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டாள். எனக்கும் அந்த அம்மையாருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. ஆகவே மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசிக்கொண்டோம். தங்கள் மகள் மட்டும் தயங்காமல் பேசினாள். காலையில் இருவரும் சமையலறையில் நின்றுகொண்டே சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாம் நாள் அந்த அம்மையார் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "உங்கள் கல்லூரி மிகப் பெரியது அல்லவா? எங்களைப் போன்றவர்களோடு எதற்காகச் சேர்ந்தீர்கள்?" அவரே தொடர்ந்தார். அவர்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டு கட்டடத்துக்குக் கூரை ஒழுகுகிறதாம். அவர்களுக்கும் ஒரு மதிப்பீட்டுக் குழு வரப்போகிறதாம். அவர்களுக்கும் அந்தத் தலைப்புக்கு எதிரே காட்ட ஒன்றும் இல்லையாம். பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்று கூட்டம் போட்ட அன்று அவர் பல் மருத்துவரிடம் போயிருந்தாராம். திரும்பி வந்தபோது இயக்குநராக இருந்தாராம். மாமா, அந்த நிமிடம் எனக்கு அந்த அம்மையார் மீது ஏற்பட்ட பாசத்தை என்னவென்று சொல்வது! இத்தனை மாதமாக நாங்கள் எந்த ஆலமரத்தில் சாய்ந்திருக்கிறோம் என்று நினைத்தோமோ, அது எங்கள் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. முதல்வரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் மகிழ்ச்சியாக இருந்தார்.

அவருக்காக அரங்கத்தில் 'உலகக் குடிமக்கள் ஆவோம்' என்று ஒரு கூட்டம் நடந்தது. முதல்வர் எல்லைகளற்ற உலகம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி என் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "மேடம், உலகக் குடிமக்கள்னா விசா வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டாள். நான் அதைக் கொஞ்சம் மென்மையாக்கி மொழிபெயர்க்கப் பார்த்தேன். அம்மையாருக்கு 'விசா' என்ற சொல் மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. "வேண்டும். எனக்கே இங்கே வர இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். ஊர் திரும்ப மாட்டேனோ என்று சந்தேகமாம். வீட்டில் கணவர் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன். அது போதிய காரணம் இல்லை என்றார்கள்" என்றார். அரங்கமே கை தட்டியது. பெண்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள். தங்கள் மகள் எழுந்து நின்று தட்டினாள்.

இனிமேல்தான் விஷயமே. ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவின்படி, இரு பக்கத்திலிருந்தும் ஓர் ஆசிரியர் ஒரு செமஸ்டர் மாறிப் போக வேண்டும். போகாவிட்டால் ஒப்பந்தமே ரத்து. முதலில் எங்கள் ஆசிரியர்கள் எல்லோருமே நான் முந்தி நீ முந்தி என்று என் அறை வாசலில் வலைகளுக்கு நடுவே நின்றார்கள். அங்கே குளிர்காலத்தில் கதவைத் திறக்கவே பனியை வாரிக் கொட்ட வேண்டும், சமையலும் துணி துவைப்பதும் தாமே செய்துகொள்ள வேண்டும் என்று தெரிந்ததும் ஒருவர் பின் ஒருவராக எல்லோருக்கும் முதுகு வலி வந்தது. கடைசியில் முதல்வர் என்னைப் பார்த்து, "இயக்குநரே போனாத்தான் சார் மரியாதை" என்றார். என் பாஸ்போர்ட் விண்ணப்பம் கையெழுத்து பொருந்தவில்லை என்று ஏற்கெனவே திரும்பி வந்திருந்தது. என் கையெழுத்து எனக்கே பொருந்தாது என்பது தாங்கள் அறிந்ததே. அதைவிட, தலைக்கு மேல் விமானம் போனாலே நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.

அன்று சாயங்காலம் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கல்லூரியிலேயே புள்ளியியல் நடத்தும் தங்கள் மகள், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், பேனாவை மூடிவிட்டு, "நான் போறேன்" என்றாள். கடைக்கு என்று நினைத்தேன். "வரும்போது ஒரு பல்பு வாங்கிட்டு வா, வாசல்ல இருட்டா இருக்கு" என்றேன்.

"வர ஒரு செமஸ்டர் ஆகும். அதுவரைக்கும் இருட்டுல இருப்பீங்களா?" என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "உங்கப்பாகிட்ட கேட்கணுமே" என்றேன். அப்போது அவள் சிரித்தாள். மாமா, பதினாறு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அது சந்தோஷச் சிரிப்பும் இல்லை.

"கேட்டாச்சுங்க. மேல்படிப்புக்கு வெளிநாட்டுல இடம் கிடைச்சப்பவே கேட்டாச்சு. 'கல்யாணத்துக்கு அப்புறம் போகட்டும்'னு சொன்னார். கல்யாணம் ஆயிடுச்சு இல்ல? இது அப்புறம்தானே?"

"அது நடந்து பதினாறு வருஷமாச்சே."

"அப்புறம்னா எத்தனை நாளைக்குள்ளன்னு அப்பா சொல்லலியே."

இந்த வாதத்தில் இலக்கணப்படி பிழை இருக்கிறதா என்று இரவு முழுக்க யோசித்தேன். எனக்கு எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டால் தாங்கள் தெரிவிக்கவும். அவளுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்திருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருடம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தாங்களும் பேசியதில்லை. குறையாகச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நான் மட்டும் என்ன செய்திருக்கப் போகிறேன் என்றும் தெரியவில்லை.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவள் கையில் எப்போதும் ஒரு பையோ விடைத்தாள் கட்டோ பிள்ளையோ இருக்கும். வெறும் கையை ஆட்டி நான் பார்த்ததே இல்லை. தங்கள் பேத்தி என்னைப் பார்த்து, "அழுவறதுன்னா இப்பவே அழுதுடுப்பா, டாக்சியில ஏறினப்புறம் வேண்டாம்" என்றாள். நான் அழவில்லை. தூசி நிறைய இருந்தது.

அவள் அங்கே போன மூன்றாம் நாள், ஏழாவது பிரிவின் மறுபாதி இங்கே வந்து இறங்கியது. அங்கேயும் எல்லோருக்கும் முதுகு வலி வந்துவிட்டதால், அந்த அம்மையார் தம் கணவரையே அனுப்பிவிட்டார். ஆறரை அடி உயரம். வாய் திறந்து பேசாத நல்ல மனிதர். அவரும் பூகோள ஆசிரியர். தங்கள் பேத்தி அவருக்கு 'நெட்டை மாமா' என்று பெயர் வைத்திருக்கிறாள். தங்கள் மகள் அங்கே அந்த அம்மையார் வீட்டில் தங்கியிருக்கிறாள். ஆக, அந்த ஊரில் ஒரே வீட்டில் இரண்டு மனைவிகள், இந்த ஊரில் ஒரே வீட்டில் இரண்டு கணவர்கள். பன்னாட்டுக் கூட்டுறவு என்றால் இதுதான் போலிருக்கிறது. முதல் நாள் நாங்கள் இருவரும் காய்கறி வாங்கப் புறப்பட்டு, அடுத்த தெருவில் வழி தவறி நின்றோம். தங்கள் பேத்திதான் சைக்கிளில் வந்து கூட்டிப்போனாள். எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியும், அவருக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கத் தெரியும். ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்ததில் இப்போது இருவருக்கும் இரண்டும் தெரியும். தங்கள் பேத்திக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை.

அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் தங்கள் பேத்தி ஏற்றுக்கொண்டாள். அவளுக்குத் தன் தோழிகளிடம் பேசும் தமிழ்தானே தெரியும்? அதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறாள் என்பது மதிப்பீட்டுக் குழு வந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. குழுத் தலைவர் வெள்ளைத் தலையோடு, கண்டிப்பான முகத்தோடு எங்கள் மையத்துக்குள் குனிந்து நுழைந்தார். முதல்வர் நெட்டை மாமாவை முன்னால் நிறுத்தினார். நெட்டை மாமா மிகுந்த மரியாதையுடன் தலை வணங்கி, குழுத் தலைவரின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "என்னடா, சாப்ட்டியா?" என்றார். முதல்வர் சுவரைப் பிடித்துக்கொண்டார். குழுத் தலைவர் அண்ணாந்து அவரைப் பார்த்தார். "இந்த ஊர் பிடிச்சிருக்கா?" என்று தமிழிலேயே கேட்டார். "செமடா" என்றார் நெட்டை மாமா. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தன்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது என்றார். அந்தத் தலைப்புக்கு முழு மதிப்பெண். 'ஆழ்ந்த பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று தனியாகக் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள்.

நேற்று தங்கள் மகள் அழைத்தாள். அங்கேயும் குழு வந்து, அவளை முன்னால் நிறுத்தி, அவர்களும் தேறிவிட்டார்களாம். அவள் வகுப்பில் மாணவர்கள் குறைவு, ஆனால் மணி அடித்த பிறகும் எழுந்து போவதில்லையாம். அவள் குரல் கொஞ்சம் மாறியிருக்கிறது. சத்தமாகப் பேசுகிறாள். "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். இன்று எழுதுகிறேன் என்றேன்.

ஆகவே மாமா, தங்களிடம் நான் வேண்டுவது இவைதான். அவள் மீது கோபப்பட வேண்டாம். அனுமதி இல்லை என்று தாங்கள் எழுதினாலும் அதை நான் அவளுக்கு அனுப்புவதாக இல்லை என்பதை முன்கூட்டியே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களிடம் நான் இப்படி எழுதுவது இதுவே முதல் முறை. மற்றபடி, இந்த உலகக் குடிமையால் ஒரு வீடு படுகிற பாட்டை நேரில் பார்த்துவிட்டேன். நாளைக் காலையே இயக்குநர் பதவியை ராஜினாமா செய்துவிடப் போகிறேன். நம் குடும்பத்திலிருந்து இனி ஒருவரும் இப்படி விமானம் ஏறக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். தங்கள் பேத்தி தங்களுக்கு முத்தம் தரச் சொன்னாள். நெட்டை மாமாவும் தங்களை விசாரித்தார். அவர் விசாரித்த வார்த்தைகளை இங்கே எழுத இயலாது. தாங்கள் நூறாண்டு திடமாக இருந்து எங்களைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
மருமகன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில் தங்கள் மகள் மறுபடி அழைத்தாள். இப்படி இப்படி எழுதியிருக்கிறேன் என்று படித்துக் காட்டினேன். அவள் கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு, "அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே. கிளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சொல்லிட்டேன். தன்னோட கம்பளிக் கோட்டைக் கொடுத்துத்தான் அனுப்பினார். 'மாப்பிள்ளைகிட்ட சொல்லாதே, அவரா எழுதறாரான்னு பார்ப்போம்'னார்" என்றாள். அதோடு நிற்கவில்லை. அங்கே ஆறு வாரம் தமிழ் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கேட்டார்களாம், அவள் தங்கள் பெயரைச் சொன்னாளாம், தாங்கள் யோசிக்கவே இல்லையாம், பாஸ்போர்ட்கூட வந்துவிட்டதாம். அத்தை அந்த ஆறு வாரமும் எங்களோடு இருப்பார்களாம். எனவே மேலே எழுதியவற்றைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். ராஜினாமாவையும் நிறுத்திவைத்திருக்கிறேன். காரணம், இங்கிருந்து அங்கே போகும் வருகைதரு ஆசிரியர் விண்ணப்பம் எதுவானாலும் இந்த மையத்தின் இயக்குநர் அனுமதி இல்லாமல் செல்லாது என்று ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு சொல்கிறது. தங்கள் விண்ணப்பம் இன்று மாலை வந்து சேர்ந்தது. பரிசீலனையில் உள்ளது.